பயப்பட வேண்டியது எதற்கு? சினைப்பை நீர்க்கட்டியும் சினைப்பைப் புற்றுநோயும்

"ஓவரியில கட்டி இருக்காம்."

இந்த ஒரு வரி ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் போதும். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்பார். அப்பா தெரிந்த டாக்டருக்கெல்லாம் போன் போடுவார். அத்தை தன் நாத்தனாரின் ஓரகத்திக்கு என்ன ஆனது என்று சொல்ல ஆரம்பிப்பார். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் பெண் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிப்பவளாக இருப்பாள். தனக்குப் புற்றுநோய்தான் என்று அன்று இரவே முடிவு செய்துவிடுவாள்.

அதே தெருவில் இன்னொரு வீடு. அங்கே ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டு மாதமாக வயிறு உப்புசம். இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. "வாய்வுதான், ஓமத் தண்ணி குடி" என்கிறார்கள். அவரும் குடிக்கிறார். அந்த வீட்டில் யாரும் பயப்படவில்லை.

இந்த இரண்டு பேரில் முதல் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியவர் இரண்டாவது பெண்தான். சினைப்பை விஷயத்தில் பெரும்பாலான குடும்பங்களில் பயமும் அலட்சியமும் இப்படி இடம் மாறித்தான் உட்கார்ந்திருக்கின்றன. நீர்க்கட்டி என்றால் என்ன, புற்றுநோய் என்றால் என்ன, இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

மாதா மாதம் கட்டி உண்டாக்கும் உறுப்பு

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இருப்பவை சினைப்பைகள். டாக்டர்கள் ஓவரி என்று சொல்வது இதைத்தான். ஓட்டோடு இருக்கும் பாதாம் கொட்டை அளவுதான் இருக்கும், நீளம் 3 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ. வரை. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதற்குள் சுமார் 10 முதல் 20 லட்சம் சினைமுட்டைகள் இருக்கின்றன. அவள் வயதுக்கு வரும்போது மிச்சமிருப்பது 3, 4 லட்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளியே வருவது ஏறக்குறைய 400 மட்டுமே.

ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறிய நீர்ப்பைக்குள் இருக்கிறது. மாதவிலக்கு வரும் வயதில் மாதம் ஒரு நீர்ப்பை வளர்ந்து ஏறக்குறைய 2 செ.மீ. அளவை எட்டி, வெடித்து, முட்டையை வெளியே விடுகிறது. வெடித்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திசு உண்டாகி, கர்ப்பம் தரிக்காவிட்டால் இரண்டு வாரத்தில் சுருங்கிவிடுகிறது.

ஆக, நீர் நிறைந்த பை ஒன்றை மாதா மாதம் உண்டாக்குவதுதான் சினைப்பையின் வேலையே! ஏதாவது ஒரு மாதம் அந்தப் பை வெடிக்காமல் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிட்டால், அல்லது மஞ்சள் திசு சுருங்காமல் உள்ளே நீரோ ரத்தமோ சேர்ந்துவிட்டால், ஸ்கேனில் அது "நீர்க்கட்டி" என்று தெரியும். இருபது வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானாகவே மறைந்துவிடும். அதனால்தான் டாக்டர் மருந்து எதுவும் எழுதாமல், "ஆறு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புகிறார். வைத்தியமே செய்யாமல் அனுப்பிவிட்டாரே என்று சில வீடுகளில் கோபப்படுவதும் உண்டு. உண்மையில் அந்தக் காத்திருப்புதான் சரியான வைத்தியம்.

தானாகக் கரையாத கட்டிகள்

எல்லா நீர்க்கட்டியும் இப்படிக் கரைந்துவிடுவதில்லை. கரையாதவற்றில் முக்கியமாக மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது டெர்மாய்டு. இதை அறுத்துப் பார்த்தால் உள்ளே முடி, கொழுப்பு, சில நேரம் பல் கூட இருக்கும். கேட்கவே திகிலாக இருக்கும்; கிராமங்களில் இதைச் செய்வினை என்று சொன்ன காலமும் உண்டு. எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய முட்டைச் செல் ஒன்று தாறுமாறாக வளர்ந்ததன் விளைவு இது. இளம் பெண்களுக்கு அதிகம் வரும். மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல.

இரண்டாவது சாக்லேட் கட்டி. கர்ப்பப்பையின் உள்ளே இருக்க வேண்டிய திசு சினைப்பையில் போய் ஒட்டிக்கொண்டு மாதா மாதம் அங்கேயே ரத்தம் கசியும். பழைய ரத்தம் கெட்டியாகி உருக்கிய சாக்லேட் போல ஆகிவிடுவதால் இந்தப் பெயர். இது எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் ஒரு முகம். மாதவிலக்கு நாட்களில் கடுமையான வலி, குழந்தை உண்டாவதில் தாமதம் ஆகியவை இதனால் வரலாம்.

மூன்றாவது, சினைப்பையின் மேல் உறையிலிருந்து வளரும் நீர்க்கட்டிகள். இவை பிரமாண்டமாக வளரக்கூடியவை. அறுவை மருத்துவ வரலாற்றில் ஒரு புதிய பாதையையே திறந்துவிட்டது இப்படி ஒரு கட்டிதான். 1809ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் க்ராஃபோர்டு என்ற பெண்மணிக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. பிரசவத் தேதி தாண்டிய கர்ப்பம் என்றே நினைத்தார்கள். எஃப்ரெய்ம் மெக்டவல் என்ற டாக்டர் வந்து பார்த்து, இது குழந்தையல்ல, கட்டி என்றார். இதுவரை யாரும் இப்படி வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்துப் பிழைக்க வைத்ததாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா துணிந்துவிட்டார். டிசம்பர் குளிரில் சுமார் 100 கிலோமீட்டர் குதிரையில் பயணம் செய்து டான்வில் ஊரில் இருந்த டாக்டரின் வீட்டுக்கே போனார். 1809 டிசம்பர் 25 அன்று அறுவை நடந்தது. மயக்க மருந்து கிடையாது! ஈதர் மயக்க மருந்து அறுவைக்கூடத்துக்கு வந்தது 1846இல்தான். அறுவை நடந்த 25 நிமிடமும் அவர் பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வெளியே எடுத்த கட்டியின் எடை 10 கிலோவுக்கும் மேல், அதில் பெரும்பகுதி கூழ் போன்ற திரவம். ஐந்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்தபோது அவர் தன் படுக்கையைத் தானே சரி செய்துகொண்டிருந்தார். அதன் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்து 78ஆவது வயதில் காலமானார்.

அவ்வளவு பெரிய கட்டி, ஆனாலும் அவர் அதனால் சாகவில்லை. கட்டியின் அளவு மட்டுமே அதன் குணத்தைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

பிசிஓஎஸ் வேறு, நீர்க்கட்டி வேறு

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். "எனக்கு நீர்க்கட்டி இருக்கு" என்று கல்லூரிப் பெண்கள் சொல்லும்போது பாதி நேரம் அவர்கள் சொல்வது பிசிஓஎஸ்-ஐத்தான். 1935இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் இதை விவரித்தார்கள். பெயரில் கட்டி இருக்கிறதே தவிர, அங்கே இருப்பவை உண்மையில் கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் 1 செ.மீ.க்கும் குறைவு. அவை வரிசையாக நிற்பது ஸ்கேனில் முத்து மாலை போலத் தெரியும். இது ஹார்மோன் கோளாறு. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு, எடை கூடுவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

பிசிஓஎஸ்-இல் இருக்கும் இந்தப் "பைகள்" புற்றுநோயாக மாறிவிடும் என்பது தவறு. அறுத்து எடுக்க வேண்டியவையும் அல்ல. ஆனால் மாதக்கணக்கில் மாதவிலக்கே வராமல் விட்டுவிட்டால் கர்ப்பப்பையின் உட்புறத் திசு தடித்து, பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். சர்க்கரை நோயும் எட்டிப் பார்க்கும். அதற்காகத்தான் சிகிச்சை. இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையிலும் நிறையப் பைகள் தெரியும். பதினாறு வயதுப் பெண்ணின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அழும் அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீர்க்கட்டி எப்போது அவசரம்?

புற்றுநோய் இல்லை என்பதற்காக நீர்க்கட்டியை முழுக்க மறந்துவிடவும் முடியாது. கொஞ்சம் பெரிய கட்டி, முக்கியமாக 5 செ.மீ.க்கு மேல் உள்ளது, தன் பாரத்தால் சினைப்பையையே முறுக்கிவிடும். ரத்த ஓட்டம் தடைபடும். திடீரென்று அடிவயிற்றின் ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி வரும். இதை விடியட்டும் என்று தள்ளிப்போடக்கூடாது. சில மணி நேரத்தில் அறுவை செய்தால் சினைப்பையைக் காப்பாற்றிவிடலாம், தாமதித்தால் அது செத்துவிடும். கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசிந்தாலும் திடீர் வலியும் தலைசுற்றலும் வரும். அப்போதும் நேராக ஆஸ்பத்திரிதான்.

புற்றுநோய் எங்கே ஆரம்பிக்கிறது?

இனி அடுத்த பக்கம். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி சினைப்பைப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 24 ஆயிரம் பேர். அந்த ஆண்டில் இறந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் மட்டும் புதிதாக 47 ஆயிரம் பேருக்கு மேல். மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களை விட எண்ணிக்கை குறைவுதான். ஆனால் வந்தவர்களில் இறப்பவர்களின் விகிதம் அதிகம்.

காரணம், இது தெரிய வரும் நேரம். சினைப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள் என்கிறது அமெரிக்கக் கணக்கு. வயிற்றுக்குள் பரவிய பிறகு என்றால் அது பத்துக்கு மூன்று என்று இறங்கிவிடுகிறது. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்படுவது ஐந்தில் ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு தாமதம்? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஆரம்பித்த ஆராய்ச்சிகள் ஒரு விஷயத்தைக் காட்டின. சினைப்பைப் புற்றுநோய்களில் மிக அதிகமாக உயிர் குடிக்கும் வகை பெரும்பாலும் சினைப்பையில் ஆரம்பிப்பதே இல்லை! சினைப்பையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் கருக்குழாயின் நுனியில், கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியில் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து உதிரும் செல்கள் சினைப்பையிலும் வயிற்றுக்குள்ளும் விதை போலத் தூவப்படுகின்றன. ஸ்கேனில் பார்க்கக்கூடிய அளவுக்குக் கட்டி வளர்வதற்குள் அது வயிறு முழுக்கப் பரவியிருக்கலாம். சாதாரண நீர்க்கட்டி ஒன்று மெல்ல மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறுகிறது என்ற நம்பிக்கை இந்த வகைக்குப் பொருந்தாது.

2019இல் அமெரிக்காவில் சுமார் 72 ஆயிரம் பெண்களின் ஸ்கேன்களை வைத்துச் செய்த ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர் என்று இருக்கும் எளிய நீர்க்கட்டி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடவில்லை.

சத்தமே போடாத நோயா?

சினைப்பைப் புற்றுநோய்க்கு "அமைதியான கொலையாளி" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நோய் பேசத்தான் செய்கிறது, ஆனால் வயிற்றுக் கோளாறின் மொழியில் பேசுகிறது.

டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிய உதவிய எக்ஸ்ரே படங்களுக்குச் சொந்தக்காரர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். 1956இல் அமெரிக்கப் பயணத்தின்போது அவருடைய உடைகள் இடுப்பில் இறுகத் தொடங்கின. அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் அறுவை செய்தபோது வயிற்றுக்குள் புற்றுக்கட்டிகள் இருந்தன. சிகிச்சைக்கு நடுவிலும் வைரஸ் ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர் 1958 ஏப்ரல் 16 அன்று இறந்தார். வயது 37.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகை கில்டா ராட்னர். 1986இல் அவருக்குச் சோர்வு, வயிற்று உப்புசம், கால் வலி. ஏறக்குறைய பத்து மாதம் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். வைரஸ் காய்ச்சல், மன அழுத்தம், வயிற்றுக் கோளாறு என்று பல பதில்கள் வந்தன. அக்டோபரில் உண்மை தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. 1989 மே 20 அன்று, 42 வயதில் காலமானார்.

இந்த மாதிரி அனுபவங்களைக் கேட்டுக் கேட்டு, அமெரிக்காவில் பார்பரா கோஃப் என்ற டாக்டர் நோயாளிகளிடமே முறையாக விசாரித்துப் பார்த்தார். 2007இல் அவருடைய குழு வெளியிட்ட அறிகுறிப் பட்டியல் மிகவும் எளிமையானது:

வயிறு உப்புசம் அல்லது வயிறு பெருத்துக்கொண்டே போவது.

அடிவயிற்றில் அல்லது வயிற்றில் வலி.

சாப்பிட முடியாமல் போவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது.

அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருவதையும் பல பட்டியல்களில் சேர்க்கிறார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதானே என்று தோன்றும். வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. கல்யாண வீட்டில் சாப்பிட்ட மறுநாள் உப்புசம் வந்து போனால் அது வாய்வு. இந்தத் தொந்தரவு கடந்த ஒரு வருடத்துக்குள் புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருக்கிறது என்றால் அது வேறு கணக்கு. ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் "குடல் கோளாறை" அப்படியே நம்பிவிடக்கூடாது என்று இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் டாக்டர்களை எச்சரிக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுவது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு காலண்டரில் உப்புசம் வந்த நாட்களை மட்டும் பேனாவால் சுழித்துக்கொண்டே வந்தால் போதும். பால் கணக்கு எழுதும் அதே காலண்டர்!

அப்படியானால் எல்லோரும் டெஸ்ட் எடுத்துவிடலாமே?

யாருக்கும் இந்தக் கேள்வி வரும். சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை 1980களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஸ்கேனும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. வருடம் ஒரு முறை எல்லாப் பெண்களுக்கும் எடுத்தால் என்ன?

எடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் சுமார் 78 ஆயிரம் பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. பரிசோதனை செய்துகொண்ட பிரிவில் இறப்பு குறையவில்லை. அது மட்டுமா? 3,285 பெண்களுக்கு நோய் இல்லாமலே இருப்பது போல முடிவு வந்தது. அவர்களில் 1,080 பேருக்கு அறுவை நடந்தது. அந்த 1,080 பேரில் 163 பேருக்குக் கடுமையான பக்க விளைவு ஏற்பட்டது. இல்லாத நோய்க்கு! இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த இன்னும் பெரிய ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வந்தது. நோயைக் கொஞ்சம் முன்னதாகக் கண்டுபிடிக்க முடிந்தும் இறப்பைக் குறைக்க முடியவில்லை.

ஆகவே எந்தத் தொந்தரவும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாத பெண், "முழு உடல் பரிசோதனை" தொகுப்பில் சிஏ-125 எடுத்துக்கொள்வதில் பலனில்லை. அந்த எண் 35-ஐத் தாண்டினால் புற்றுநோய் என்று அர்த்தமும் இல்லை. மாதவிலக்கு நாளில் எடுத்தாலும் கூடும். கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பை நார்க்கட்டி, கல்லீரல் நோய் எல்லாவற்றிலும் கூடும். இந்தியாவில் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், கட்டி போன்ற தோற்றம், உயர்ந்த சிஏ-125 என்று எல்லா விதத்திலும் அது புற்றுநோய் வேஷம் போடும். மாத்திரையில் குணமாகிற நோய் அது. இன்னொரு பக்கம், ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த எண் சாதாரணமாகவே இருக்கும்.

அறிகுறி உள்ளவருக்கு இதே பரிசோதனை மிகவும் உதவும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கருவி ஒன்றுதான், யாருக்கு, எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கர்ப்பப்பை வாய்க்குச் செய்யும் பாப் ஸ்மியர் பரிசோதனை சினைப்பைப் புற்றுநோயைக் காட்டாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கிறார்கள்?

டாக்டரின் கண் முதலில் போவது அளவுக்கு மட்டும் அல்ல. கட்டி ஒரே அறையாக இருக்கிறதா, பல அறைகளா? சுவர் மெல்லியதா, தடிப்பா? உள்ளே வெறும் நீரா, கெட்டியான பகுதி இருக்கிறதா? சுவரிலிருந்து மொட்டு போல ஏதாவது துருத்துகிறதா? அந்தக் கெட்டிப் பகுதிக்கு ரத்த ஓட்டம் அதிகமா? வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா? ஒரே அறை, மெல்லிய சுவர், வெறும் நீர் என்றால் நிம்மதி. கெட்டிப் பகுதி, மொட்டு, ரத்த ஓட்டம், வயிற்று நீர் என்றால் கவனம். இதோடு வயதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வரும் கட்டியை எப்போதும் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டும்.

இளம் பெண்களுக்குப் புற்றுநோய் வரவே வராது என்று சொல்ல முடியாது. முட்டைச் செல்லிலிருந்து வரும் சில வகைகள் இந்த வயதில்தான் வரும். ஆனால் அவை அபூர்வம். கீமோதெரபிக்கு மிக நன்றாகக் கட்டுப்படும். பெரும்பாலும் ஒரு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றிவிட முடியும்.

புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டியில் ஊசி குத்தி நீர் எடுக்க மாட்டார்கள். உள்ளே இருப்பது வயிற்றில் சிந்தினால் நோய் ஒரு படி ஏறிவிடும். அத்தகைய அறுவையைப் பெண்களுக்கான புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்ற டாக்டரிடமே செய்துகொள்வது நல்லது. முதல் அறுவையிலேயே எவ்வளவு முழுமையாக நோய் அகற்றப்படுகிறது என்பது பிழைப்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பயத்துக்குக் கொடுக்கும் விலை

சாதாரணக் கட்டியைக் காட்டி, "விட்டா கேன்சர் ஆயிடும்" என்று சொல்லி உறுப்பையே எடுத்துவிடும் வழக்கம் இந்தியாவில் ஒரு தனிப் பிரச்சினையாகவே வளர்ந்திருக்கிறது. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையே இல்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக டாக்டர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இத்தகைய அறுவைகளைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாதவிடாய் நிற்பதற்கு முன்பே இரண்டு சினைப்பையையும் இழக்கும் பெண்ணுக்கு எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய் வாய்ப்பு கூடும். முப்பத்தைந்து வயதில் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! "கட்டியை மட்டும் எடுத்துட்டு ஓவரியை விட முடியுமா டாக்டர்?" என்று கேட்பதும், இன்னொரு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுவதும் மரியாதைக் குறைவான செயல் அல்ல.

குடும்பத்தில் யாருக்காவது?

பொதுவாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு மேலை நாட்டுக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைக்குள். பிஆர்சிஏ-1 என்ற மரபணுவில் பிழை இருந்தால் அது நூற்றுக்கு நாற்பதை ஒட்டிப் போய்விடுகிறது. பிஆர்சிஏ-2 என்றால் அதைவிடக் குறைவு, ஆனாலும் பொதுவான அளவைவிடப் பல மடங்கு. நடிகை ஏஞ்சலினா ஜோலியின் தாய் 2007இல் புற்றுநோயால் 56 வயதில் இறந்தார். தனக்கும் பிஆர்சிஏ-1 பிழை இருப்பது தெரிந்து, ஜோலி 2015இல் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டார். இது தேவையற்ற அறுவை அல்ல. கணக்குப் பார்த்து, தெரிந்தே எடுத்த முடிவு.

அம்மா, அக்கா, சித்தி, பாட்டி மட்டும் அல்ல, அப்பா வழி அத்தைக்கு மார்பகமோ சினைப்பையோ புற்று வந்திருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த மரபணு அப்பா வழியாகவும் வரும். "கேன்சர்" என்று சொல்லாமல் "வயித்துல ஏதோ" என்று மறைத்த மரணங்கள் பல குடும்பங்களில் உண்டு. அந்த மறைப்பு அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குப் போய்ச் சேர வேண்டிய எச்சரிக்கையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

நோய் வாய்ப்பைக் குறைப்பவையும் உண்டு. குழந்தை பெறுவது, தாய்ப்பால் கொடுப்பது, சில ஆண்டுகள் கருத்தடை மாத்திரை சாப்பிடுவது ஆகியவை குறைக்கின்றன. மாத்திரைக்கு வேறு விளைவுகளும் இருப்பதால் அதை டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். நோய் கருக்குழாயில் ஆரம்பிப்பது தெரிந்த பிறகு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல் ஒரு புது வழி பிரபலமானது. குழந்தை போதும் என்று குடும்பக் கட்டுப்பாடு செய்பவர்களுக்குக் குழாயைக் கட்டுவதற்குப் பதில் முழுக்க எடுத்துவிடுவார்கள், சினைப்பையை விட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொள்ளும் பெண்கள் ஏராளம். இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று அவர்களும் டாக்டரிடம் கேட்கலாம்.

வந்த பிறகும் வாழ்க்கை உண்டு

"பம்பாய்", "இந்தியன்", "முதல்வன்" படங்களில் தமிழ் ரசிகர்கள் பார்த்த மனிஷா கொய்ராலாவுக்கு 2012இல் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது வயது 42. முற்றிய நிலை. நியூயார்க்கில் பெரிய அறுவை, பிறகு கீமோதெரபி. முடி கொட்டியது, மீண்டும் வளர்ந்தது. திரும்பி வந்து நடித்தார். 2018இல் தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். முற்றிய நிலை என்பதாலேயே கை கழுவிவிடத் தேவையில்லை.

சிகிச்சையும் வளர்ந்திருக்கிறது. பிளாட்டினம் உள்ள மருந்துகள் 1970களின் இறுதியில் வந்தன. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட பாக்லிடாக்சல் 1992இல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. இந்த இரண்டு வகையும் சேர்ந்ததுதான் அடிப்படைக் கீமோதெரபி. பிஆர்சிஏ பிழை உள்ளவர்களுக்கு ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் 2014 முதல் வந்திருக்கின்றன.

கடைசியாக ஒரு விஷயம். மகளின் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வார்த்தையையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அம்மாக்கள், தங்கள் வயிற்றைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. சாப்பாடு ஏன் குறைந்துவிட்டது, ரவிக்கை தளர்ந்திருக்கும்போது புடவைக் கட்டு மட்டும் ஏன் இறுகுகிறது என்று கேட்க அந்த வீட்டில் யாராவது இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உப்புசம்னு சொன்னீங்களே, எத்தனை நாளா இருக்கு?" பதில் "ரெண்டு நாளா" என்றால் ஓமத் தண்ணீர் போதும். "தெரியலப்பா, ரொம்ப நாளாவே இருக்கு" என்றால் அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.